ஸ்கிரீன்ஷாட் இருந்தா போதும்னு யாரு சொன்னா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல ஸ்கேம் செய்தி வராத வாரமே இல்ல, இத்தனை ஆயிரம் வெள்ளி போச்சு, போலீஸ் ரிப்போர்ட் போட்டாச்சுன்னு முடிஞ்சிடுது, அதுக்கப்புறம் அந்த கேஸ் என்ன ஆச்சுன்னு படிக்கிறவங்களுக்கு தெரியறதே இல்ல. நான் ஜார்ஜ்டவுன்ல ஒரு லோயர் ஆபீஸ் கிளார்க். லைட் ஸ்ட்ரீட் கோர்ட்டுக்கு பைல் தூக்கிட்டு போறதும் வர்றதும்தான் பொழப்பு. இந்த பக்கம் உக்காந்து பாக்குறப்போ ஒரு விஷயம் வயிறெரியுது, அதை மட்டும் எழுதுறேன்: நம்ம ஜனங்க கையில இருக்குற நல்ல ஆதாரத்தை தாங்களே கெடுத்துட்டு வந்து நிக்கிறாங்க.

ஒரு அக்கா கட்டு கட்டா வாட்சப் பிரிண்ட் எடுத்துட்டு வந்தாங்க, "எல்லாமே இருக்கு தம்பி, ஒண்ணு விடல"ன்னாங்க. சரிக்கா, போன் எங்கன்னு கேட்டா, வைரஸ் இருக்கும்னு யாரோ சொன்னாங்களாம், பயந்துபோய் பார்மெட் பண்ணிட்டாங்களாம். அந்த காலத்து கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்ல அழிச்ச பைல் உடனே போயிடாது, அந்த இடம் காலின்னு குறிப்பு மட்டும்தான் மாறும், மேல வேற எதுவும் எழுதுற வரைக்கும் தோண்டி எடுக்கலாம். ஆனா இப்ப வர்ற போன்ல உள்ள இருக்குறது எல்லாமே பூட்டி வச்ச மாதிரி என்கிரிப்ட் ஆகி இருக்கு, ரீசெட் அடிச்சா அந்த சாவியே அழிஞ்சிடும், அப்புறம் எந்த லேபுக்கு கொண்டு போனாலும் கஷ்டம்தான்.

பிரிண்ட்ல என்ன தப்புன்னு கேப்பீங்க. யாரோட நம்பரை வேணும்னாலும் என் போன்ல "தவ்கே"ன்னு, அதாவது முதலாளின்னு, சேவ் பண்ணிட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தா, மேல தவ்கேன்னுதான் காட்டும். எதிர்கட்சி லோயர் இதை கேட்டா பதில் சொல்ல ஒரிஜினல் போன் வேணும், அந்த நம்பர் வேணும், எடுத்தவங்க கூண்டுல ஏறி நான்தான் எடுத்தேன்னு சொல்லணும். ஸ்கிரீன்ஷாட் செல்லவே செல்லாதுன்னு நான் சொல்ல வரல, தனியா நிக்காதுன்னுதான் சொல்றேன்.

நம்ம மலேசிய சட்டம் இதுல ஒண்ணும் பின்தங்கி இல்ல, அதையும் சொல்லணும். எது ஆதாரமா செல்லும்னு சொல்ற 1950 எவிடென்ஸ் ஆக்ட்லயே கம்ப்யூட்டர்ல பதிவான விஷயமும் ஒரு டாக்குமெண்ட்தான்னு இருக்கு, கம்ப்யூட்டர் தயாரிச்ச டாக்குமெண்ட் முதல்நிலை ஆதாரம், அதாவது ஒரிஜினல் மாதிரியேன்னு 62வது செக்ஷன் விளக்கத்துல போட்டிருக்கு. 1993ல திருத்தம் கொண்டு வந்து 90ஏங்கிற செக்ஷனை சேர்த்தாங்க. பேங்க் ஸ்டேட்மெண்ட் மாதிரி, கம்ப்யூட்டர் வழக்கமா ஓடுறப்போ தானா வந்த டாக்குமெண்ட்டா இருந்தா ஏத்துக்கலாம், அந்த கம்ப்யூட்டருக்கு பொறுப்பான ஆள் சர்டிபிகேட்ல கையெழுத்து போட்டா மெஷின் ஒழுங்காத்தான் ஓடுச்சுன்னு கோர்ட்டு எடுத்துக்கும். சர்டிபிகேட் இல்லாட்டி அந்த ஆளே நேர்ல வந்து சாட்சி சொன்னாலும் போதும்னு 1997ல அப்பீல் கோர்ட்டு சொல்லியாச்சு. இதே 90ஏல ஒரு கொக்கி இருக்கு, கிரிமினல் கேஸ்ல குற்றம் சாட்டப்பட்ட ஆள், தானே நடத்துற கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த பிரிண்ட்டை தனக்கு சாதகமா நீட்ட முடியாது. நியாயம்தானே.

ஏத்துக்கிறது வேற, எவ்வளவு நம்புறதுங்கிறது வேற. அடுத்த செக்ஷன் 90பி அதைத்தான் சொல்லுது, விஷயம் நடந்தப்பவே பதிவாச்சா, பதிவு பண்ண ஆளுக்கு மறைக்கவோ திரிக்கவோ காரணம் இருந்துச்சான்னு கோர்ட்டு பாக்கும். அதனாலதான் ஆதாரத்துலயே ரகம் ரகமா பிரிக்கிறாங்க. போனும் ஹார்ட் டிஸ்க்கும் கையில தூக்கி காட்டுற பொருள். உள்ள இருக்குற மெசேஜ் ஒரு மனுஷன் டைப் பண்ணது, அவன் பொய்யும் சொல்லியிருக்கலாம். ஆனா எந்த நேரத்துல எந்த ஐபி அட்ரஸ்ல (இன்டர்நெட் லைனோட நம்பர்) இருந்து லாகின் ஆச்சுங்கிறது யாரும் டைப் பண்ணாம மெஷின் தானா எழுதுனது, என்னை கேட்டா இதுக்குத்தான் கனம் ஜாஸ்தி. அதுலயும் ஒரு சிக்கல், நிறைய சர்வர் லாக் (சர்வர் தானா எழுதுற பதிவு) யுடிசிங்கிற உலக பொது நேரத்துல இருக்கும், நம்ம நேரம் எட்டு மணி கூட. சாயங்காலம் நாலுன்னு இருந்தா இங்க நடுராத்திரி. இதை விளக்க எக்ஸ்பெர்ட் வேணும், அவரோட கருத்து 45வது செக்ஷன்ல தனி ஆதாரமா வரும்.

மெட்டாடேட்டான்னு ஒண்ணு இருக்கு, பைலுக்குள்ள ஒளிஞ்சிருக்குற விவரம், யாரு எப்போ எந்த மெஷின்ல செஞ்சாங்கன்னு. அமெரிக்காவுல கான்சாஸ்ல பத்து பேரை கொன்ன டென்னிஸ் ரேடர் 2005ல போலீசுக்கு ஒரு பிளாப்பி அனுப்பினான், அதுல அழிச்சிருந்த வேர்ட் பைல்ல "டென்னிஸ்"ங்கிற பேரும் அவன் போற சர்ச் பேரும் இருந்துச்சு, மாட்டிக்கிட்டான். நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, முக்கியமான போட்டோவை வாட்சப்ல அனுப்புறாங்க, அது சுருக்கி அனுப்புறப்போ எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் உதிர்ந்து போயிடும். டாக்குமெண்ட்டா அனுப்பினா அப்படியே போகும், ஒரிஜினலையும் போன்ல விட்டு வைங்க.

ஹார்ட் டிஸ்க் போலீஸ் லேபுக்கு போச்சுன்னா ஒரிஜினலை நோண்டவே மாட்டாங்க. ஒண்ணும் உள்ள எழுத முடியாதபடி ரைட் பிளாக்கர்ங்கிற கருவியை மாட்டி முழு டிஸ்க்கையும் காப்பி எடுத்து, ஹேஷ் போட்டு பாப்பாங்க, அது பைலுக்கு கைரேகை மாதிரி. எஸ்எச்ஏ 256ங்கிற முறைன்னா 64 எழுத்து வரும், உள்ள ஒரு புள்ளி மாறுனாலும் மொத்தமும் வேற ஆயிடும். யார் கையில இருந்து யார் கைக்கு எப்போ போச்சுன்னு எழுதி வச்ச ஃபாரமும் இருக்கணும், நடுவுல ஒரு ஓட்டை இருந்தா அதுலதான் லோயர் புகுந்து வருவார். அவ்வளவு ஜாக்கிரதையா பண்ற வேலையை நம்ம மச்சான் ஒருத்தர் "நான் ரிகவர் பண்ணி தரேன்"னு ஏதோ சாப்ட்வேர் போட்டு கெடுத்துடுறார்.

வாட்சப், பேஸ்புக் குரூப் அட்மின்களுக்கும் ஒண்ணு. 2012 ஜூலை 31ல இருந்து அதே எவிடென்ஸ் ஆக்ட்ல 114ஏ செக்ஷன் அமல்ல இருக்கு. உங்க பேரோ போட்டோவோ போட்டு நீங்கதான் ஓனர், அட்மின்னு காட்டி ஒரு பதிவு வந்தாலோ, உங்க வீட்டு இன்டர்நெட் லைன்ல இருந்து போயிருந்தாலோ, நீங்கதான் போட்டீங்கன்னு முதல்ல எடுத்துக்குவாங்க, இல்லைன்னு காட்டுறது உங்க வேலை. அந்த வருஷம் ஆகஸ்ட் 14ல நிறைய வெப்சைட் ஒருநாள் கறுப்பாக்கி இந்த செக்ஷனுக்கு எதிர்ப்பு காட்டுனாங்க, சட்டம் அப்படியேதான் இருக்கு. அதனால வைபை பாஸ்வேர்டை தெருவுக்கே குடுக்காதீங்க.

ஐயா, உங்ககிட்ட கேக்குறது இதுதான். ஸ்கேம் செய்தி போடுறப்போ கீழ ஒரு பெட்டி கட்டி போடுங்க: உடனே ஸ்கேம் புகார் லைன் 997க்கு போன் அடிக்கணும், போனை பார்மெட் பண்ணக்கூடாது, சாட் மெசேஜை அழிக்கக்கூடாது, அந்த நம்பரை பிளாக் பண்றதுக்கு முன்னாடி அதோட விவரத்தை எழுதி வைக்கணும், பேங்க் ரசீது பைலை அப்படியே வச்சிருக்கணும், கடை சிசிடிவி பழசு மேலேயே எழுதிடும்ங்கறதால சீக்கிரம் கேக்கணும். பெரிய எழுத்துல போட்டீங்கன்னா வயசானவங்களும் வெட்டி பிரிட்ஜ்ல ஒட்டி வச்சுக்குவாங்க.

இப்படிக்கு,
லோயர் ஆபீஸ் கிளார்க் ஒருத்தர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.