எங்கள் ஐயரிடம் விளக்கம் கேட்கும் முன்

திருமண்டலச் செயற்குழுவின் மதிப்பிற்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், தேரிக்காட்டுப் பக்கத்துச் சபையொன்றின் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

ஞாயிறு பள்ளித் தேர்வு எழுதிய பிள்ளைகளின் எண்ணிக்கை ஏன் குறைந்தது, ஏழு நாளுக்குள் விளக்கம் தரவும் என்று பல சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தின் குருவானவருக்கு, நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிறவருக்கு, கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள். அவர் அதை யாரிடமும் காட்டவில்லை. அவர் மனைவி ஐயரம்மாவின் முகவாட்டத்தைப் பார்த்து நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மேலிடத்தை எதிர்த்து எழுதினால் அடுத்த மாறுதல் எந்த மூலைக்கு என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எனக்கு மாறுதல் கிடையாது. அதனால் காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சபையில் உபதேசியார், அதாவது ஊரோடு தங்கி வேதம் போதிக்கும் சபை ஊழியர், இல்லை. இருந்தவர் ஓய்வுபெற்றுப் போனபின் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. மனு மேல் மனு கொடுத்தாயிற்று, எல்லாம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கும். தயவுசெய்து ஓர் உபதேசியாரை அனுப்புங்கள்.

ஐயருக்கு ஏழு சபைகள், ஒரு ஸ்கூட்டர். ஞாயிறு விடியுமுன் திருவிருந்துப் பாத்திரப் பெட்டியைக் காலடியில் வைத்துக் கிளம்பினால் மூன்று ஊர் ஆராதனை முடித்து மதியம்தான் வீடு. எங்கள் ஊருக்கு வரும்போது அங்கியின் ஓரமெல்லாம் செம்மண் புழுதி. பாட்டு தொடங்கியிருக்கும், வெஸ்ட்ரியில் நின்றபடியே இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு வருவார். பிறகு ஞானஸ்நானம், கல்யாண அறிக்கை, மதில் தகராறு. பிள்ளைகளோடு உட்கார எங்கே நேரம்?

குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எப்படியோ வந்துவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "ஐயரே, எங்க பெரியம்மா மகன் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டான். குழந்தையில தெளிச்சது செல்லாதாம். நெசமா?" பிள்ளைகள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தக் கேள்வியை நான் பலமுறை மழுப்பியிருக்கிறேன். ஐயர் வேதத்தை விரித்து, பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்ற கதையில் தொடங்கினார். ஐந்து நிமிடம் இருக்காது, போன் அடித்தது. அடுத்த ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். "வந்து சொல்றேன்" என்று போனவர், அடக்கம் முடித்து வர ராத்திரி ஆகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வேறோர் ஊரில் பண்டிகை. மிச்ச வகுப்புகளை ஐயரம்மாதான் எடுத்தார், சம்பளமும் பெயரும் இல்லாத வேலை. விசுவாசப் பிரமாணத்தைப் பிள்ளைகள் தட்டாமல் சொல்லித் திடப்படுத்தலும் பெற்றார்கள். அந்தப் பையனுக்குப் பதில் யூடியூப்பில் கிடைத்திருக்கிறது. இப்போது அவன் பெரியம்மா வீட்டோடு போகிறான். தேர்வு எண்ணிக்கையில் குறைந்தவர்களில் அவனும் ஒருவன்.

இது ஐயரின் குறையா? ஊரோடு ஓர் உபதேசியார் இருந்திருந்தால் மறுநாள் காலையிலேயே அவன் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்திருப்பார்.

உங்களுக்குத் தெரியாத சரித்திரம் இல்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். மறு வருஷமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி. 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி ரேனியஸ் உபதேசிமாரைப் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்பினார். 1903இல் சொந்தக் காணிக்கையில் மிஷனரிகளை அனுப்ப இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முன்நின்ற அசரியா, வெள்ளாளன்விளை என்ற கிராமத்துக் குருவானவரின் மகன். பஸ் இல்லாத காலத்தில் முடிந்தது இப்போது முடியவில்லை என்கிறீர்கள்.

பணமில்லையாம். எங்கள் ஊர்ப் பெண்கள் இன்றும் உலை வைக்குமுன் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டால் ரசீது கேட்கிறோம். வருகிற பணம் போகும் வழியைப் பார்த்தால் வக்கீல் பீஸ், பண்டிகைக்கு சீரியல் செட், கோபுரத்துக்கு மறுபடியும் பெயின்ட். திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வந்தால் மட்டும் எங்கள் ஊருக்கு இத்தனை கார்கள் எப்படித்தான் வழி கண்டுபிடிக்கின்றனவோ! ஓட்டுக் கேட்டு வந்த அண்ணன்மாரில் ஒருவர்கூட ஞாயிறு பள்ளி எங்கே நடக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேப்பமரத்தடியைக் காட்டியிருப்பேன். ஞாயிறு பள்ளி அறைக்குள் அசன விருந்து அண்டாக்கள் இருக்கின்றன. அது எங்கள் ஊர் செய்த காரியம், அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை.

சரி, பேச்சு எங்கேயோ போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக என்று எங்களுக்குப் பிரசங்கித்தவர்கள் நீங்கள். களத்தில் உழைக்கிற அந்த மாட்டிடமே விளக்கம் கேட்டதுதான் பொறுக்கவில்லை.

அந்தக் கடிதத்தைத் தயவாய்த் திரும்பப் பெறுங்கள். அடுத்த திடப்படுத்தல் வகுப்பு தொடங்குமுன் ஓர் உபதேசியாரை, பிள்ளைகளுக்குப் போதிக்கப் பயிற்சி பெற்றவராக, அனுப்பித் தாருங்கள். கோயிலை ஒட்டிய உபதேசியார் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஓடு மாற்றி வெள்ளையடிக்க சபையார் சம்மதித்துவிட்டார்கள், கிணற்றில் தண்ணீர் நன்றாகவே இருக்கிறது. வருகிறவர் குடும்பத்தோடு வரலாம். எந்த மாதம் என்று மட்டும் முன்கூட்டியே தெரிவியுங்கள், கொத்தனாரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை