குலசேகரத்திலிருந்து அம்மா

மக்ளே,

மஸ்கட் ரூமில் உன்கூட இருக்கிற பையன் தன் முறை வரும் நாளில் சமைக்காமல் ஏமாற்றுகிறான், இனி அவனோடு பேச்சே கிடையாது என்றாய். சண்டை போடாமல் ஒதுங்கிவிட்டேன் என்று பெருமை வேறு. முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவதும் ஒருவிதத்தில் அடிக்கிறதுதான் மக்ளே.

நம்ம சுசீந்திரத்தில் 1926-இல் சத்தியாக்கிரகம் செய்தவர்கள் வாயை மூடி வீட்டில் இருக்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்கணும் என்று நேரே போய்க் கேட்டார்கள். கைதான் ஓங்கவில்லை. எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்ற ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். பத்து வருஷம்! உனக்கு ஒரு வாரமே பொறுக்கவில்லை.

மார்ஷல் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த அகிம்சையை வீட்டுப் பேச்சுக்கும் கொண்டுவந்தார். கண்டதைச் சொல்லணும், மனசில் பட்டதைச் சொல்லணும், எது தேவை என்று சொல்லணும், பிறகு கேட்கணும். முதலில் எனக்கு இது பள்ளிக்கூடப் பாடம் மாதிரிதான் இருந்தது. நம்ம ரப்பர் விளையில்தான் பிடி கிடைத்தது.

மரத்தில் பால் வெட்டுகிறவர் பிந்தி வந்துகொண்டிருந்தார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், உனக்கே தெரியும். "பொறுப்பில்லாத ஆள், மாற்று" என்றார் அப்பா. நான் போய், "அண்ணே, நேற்றும் இன்றும் வெட்டத் தொடங்கும்போது ஏழு மணி ஆச்சு. சிரட்டையில் பாதிகூடப் பால் இல்லை. ஷீட்டு விற்றுத்தான் கடன் அடைக்கணும், பயமா இருக்கு. விடியும் முன்னே வரமுடியுமா?" என்றேன். அவர் வெட்டுக்கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் அம்மாவுக்கு மூச்சுத்திணறலாம், ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அந்த வாரம் அவர் தம்பி மகன் வெட்டினான். தொலி வெட்டு கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது, அப்பா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் முடியாது என்றிருந்தாலும் நான் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அது அதிகாரம், கேட்பது ஆகாது. அதிலும் 'நீ எப்பவும்' என்று மட்டும் தொடங்காதே; அதைக் கேட்டதுமே எதிராளி காதை அடைத்துக்கொள்வான். "புதனும் வியாழனும் உன் முறை, சோறு பொங்கவில்லை. டியூட்டி முடிந்து பசியோடு வந்து நிற்கிறேன்" என்று சொல்லிப் பார். அவனுக்கும் ஏதாவது பாடு இருக்கும். கோபம் தலைக்கேறி நிற்கும்போது பேசாதே, குளித்துவிட்டுப் பேசு.

அவன் என்ன சொன்னான் என்று வாய்ஸ் அனுப்பு. அத்தை மகள் கல்யாணத்துக்கு லீவு கேட்டாயா இல்லையா? அத்தை தினமும் கேட்கிறாள்.

அம்மா