டிக்கெட் எடுத்தால்தான் ஓட்டு

இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கும் மத்திய சட்ட அமைச்சகத்துக்கும்,

வணக்கம். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்கு வந்தவர்களில் ஒருவன், ஊருக்கு வராமலே தபாலில் ஓட்டுப் போட வழி கேட்டு எழுதுகிறேன்.

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனும் வாக்காளர்தான் என்று 2010-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஏ பிரிவைச் சேர்த்தீர்கள். படிவம் 6ஏ கொடுத்தால் பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் பெயர் ஏறும். ஓட்டுப் போட மட்டும் அசல் பாஸ்போர்ட்டோடு ஊர் வாக்குச்சாவடிக்கே வரவேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு கிடைக்கிறவன் எப்படி வருவான்? 2019 மக்களவைத் தேர்தலில் பட்டியலில் இருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் சுமார் ஒரு லட்சம். வந்து ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 25,000, அதிலும் மிகப் பெரும்பாலோர் கேரளக்காரர்கள்.

வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. சரி, நியாயம்தான். எங்களுக்கு இங்கே யாரும் குடியுரிமை தரப்போவதில்லை. இருப்பது இந்தியக் குடியுரிமை ஒன்றுதான்.

நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அரசுக்குத் தெரியாதா என்ன? பத்தாம் வகுப்பு தேறாதவன் என்றால் ஈ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அவன் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும். முதலாளி யார், சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம் என்பதெல்லாம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏறிய பிறகுதான் விமானம். இத்தனையும் பதிவாகியிருக்கிறவனுக்கு ஒரு வாக்குச்சீட்டு அனுப்ப முடியவில்லை.

பதிலி ஓட்டுக்கான மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறி, அவை கலைந்ததும் காலாவதியானது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. என் ஓட்டை ஊரில் இன்னொருவர் கையில் கொடுத்தால், அது கட்சிக்காரர் கைக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? தபால் ஓட்டு அதைவிட மேல். ராணுவத்தினருக்கு மின்னணு வழியில் வாக்குச்சீட்டு அனுப்பும் முறை ஏற்கெனவே நடக்கிறது. அதை எங்களுக்கும் விரிவாக்கத் தயார் என்று 2020 நவம்பரில் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது ஆணையம்தான். அப்புறம் ஏன் இன்னும் பழைய விதி?

அதைக் கொண்டுவரும்போது, சான்றொப்பத்துக்குத் தூதரகம் வா என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாலைவனத்து கேம்பிலிருந்து தலைநகருக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போய்விடும். பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரக அதிகாரிகள் வெளியூர்களில் முகாம் நடத்துகிறார்களே, அதே முகாமில் வாக்குச்சீட்டுக்கும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
20ஏ பிரிவின்படி ஒரு வாக்காளன்