காசைக் கையில் வாங்கியதும் விலை சொல்லாதது ஏன்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, பழங்காசுகள் வாங்கி விற்கும் எங்கள் கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில், வயதான அம்மாள் ஒருவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு செப்புக் காசை எடுத்து நீட்டினார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு அது என்று பார்த்ததுமே தெரிந்தது. எளிதில் கிடைக்கும் காசு, பெரிய விலைக்குப் போகாது என்ற நினைப்பில், அவர் வாயைத் திறக்கும் முன்பே, "இதற்கு லட்சமெல்லாம் கிடைக்காதம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டேன். "நான் விலை கேட்க வரலை தம்பி, பின்னால என்ன எழுதியிருக்குன்னு கேட்கத்தான் வந்தேன்" என்று சொல்லி அவர் படியிறங்கினார். நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் தெருக்கூட்டத்தில் மறைந்துவிட்டார். அவர் கேட்டதற்கு விடை ஒரே சொல்தான்: தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று பொறித்திருக்கிறது. முன்பக்கம் அமர்ந்திருப்பவள் பிரகதாம்பாள் அம்மன். நவராத்திரி நாட்களில் சமஸ்தானத்தில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்ட காசு அது. இவ்வளவையும் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்க வழி கிடைக்காததால், கடைக்கு வரும் எல்லோரிடமும் அதைக் கேட்டுக்கொண்டு, எங்கள் கடையின் நடைமுறைகளையும் விளக்கிவிடலாம் என்றே இம்மடலை எழுதுகிறேன்.

காசைக் கையில் வாங்கியதும் நாங்கள் விலை சொல்வதில்லை என்பது பலருக்கும் உள்ள மனக்குறை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த ஒரு ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1835 முதல் வெளிவந்த வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்குச் சுமார் 91.7 பங்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல், எடை மாறாமல் வெள்ளி மட்டும் நூற்றுக்கு 50 பங்காகக் குறைக்கப்பட்டது. 1947இல் ரூபாய் முழு நிக்கலாகவே ஆகிவிட்டது. ஆகவே அதே மன்னர், அதே ஒரு ரூபாய் என்றாலும், பக்கத்து வீட்டுக்காரர் 1938ஆம் ஆண்டுக் காசுக்குப் பெற்ற தொகை உங்கள் 1944ஆம் ஆண்டுக் காசுக்கு வராது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லாத கடைக்காரர் மீது வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வருவது இயல்பு. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் கடைக்காரரே என்பது என் கருத்து. 1939 என்று ஆண்டிட்ட ரூபாய் மிக அரிது என்பதால், வேறு ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியவையும், அச்சில் அடிக்காமல் வார்த்து எடுத்த போலிகளும் வருகின்றன. வார்ப்புக் காசில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கியும், பரப்பில் ஊசிமுனைக் குழிகள் விழுந்தும் இருக்கும். எடையும் பெரும்பாலும் ஒத்துவராது. தராசில் வைத்து, விளிம்பைச் சுற்றிப் பார்த்து, லென்ஸில் எண்ணைப் பார்க்கும் அந்தப் பத்து நிமிட மௌனம் உங்களை அலட்சியப்படுத்துவது அன்று. இனி அந்தத் தராசு உங்கள் பார்வையில் படும்படியே மேசைமீது இருக்கும். லென்ஸை உங்களிடமும் தருவோம்.

கண்ணாடிப் பெட்டியில் உள்ள விலைக்கும், அதே காசை உங்களிடம் நாங்கள் வாங்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டையும் மறைக்க விரும்பவில்லை. வாங்கிய காசு விற்க மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் ஆகிறது. வாடகையும் ஊழியர் சம்பளமும் அதுவரை நிற்பதில்லை. எங்கள் தொகை குறைவாகப்பட்டால் இன்னும் இரண்டு இடங்களில் கேட்டுவிட்டு வாருங்கள். எங்களுக்கு வருத்தம் இராது.

பழைய காசு லட்சக்கணக்கில் விலைபோகும் என்று கைப்பேசியில் வரும் காணொளிகளை நம்பி வருவோரிடம் பேசும்போதுதான் எங்கள் பொறுமை அதிகம் சோதிக்கப்படுகிறது. தவறிப் பேசிவிடுவதும் அப்போதுதான். 1616, 1717, 1818 என்று ஆண்டிட்டு, ராமர் பட்டாபிஷேகமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் பொறித்த காசுகள் கம்பெனி வெளியிட்ட நாணயங்கள் அல்ல. பிற்காலத்தில் செய்யப்பட்ட, பணமாகச் செல்லாத வில்லைகள். 2012ஆம் ஆண்டின், வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த நாணயங்களும் லட்சக்கணக்கில் விலைபோவதில்லை. பழைய நோட்டும் காசும் வாங்குவதாகச் சொல்லி ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் கமிஷனும் கேட்கும் மோசடிகளைப் பற்றி அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. மகளின் கல்யாணத்துக்கு உதவும் என்று நம்பி ஒருவர் காசோடு வந்து நிற்கையில், அந்த நம்பிக்கையைச் சிரித்து உடைக்க எவருக்கும் உரிமையில்லை. எங்கள் ஊழியர் எவரேனும் அப்படிச் சிரித்தால் என்னிடம் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: கடைக்குக் கொண்டுவரும் முன் காசைப் புளி போட்டோ, விபூதியாலோ, பாத்திரம் துலக்கும் பொடியாலோ தேய்க்காதீர்கள். பல பத்தாண்டுகளாகப் படிந்த நிறம் போய்விட்டால் மீண்டும் வராது. சேகரிப்போர் தேடுவது அந்த நிறத்தைத்தான். மரியாதைக்காகத் துலக்கிக் கொண்டுவந்தவர்களிடம் இதைச் சொல்ல நேரும்போதெல்லாம் எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது.

"இது எங்கே கிடைத்தது?" என்று நாங்கள் கேட்பதையும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அஸ்திவாரம் தோண்டும்போதோ உழும்போதோ கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அத்தகைய காசை நாங்கள் வாங்க இயலாது. நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது என்பதால், அயல்நாட்டு உறவினருக்குத் தபாலில் அனுப்பித் தரும்படி கேட்போருக்கும் மறுப்பையே சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களிடம் வாங்கிய காசு போலி என்று தெரியவந்தால், பில்லுடன் எப்போது கொண்டுவந்தாலும் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும். வாங்கவோ விற்கவோ எண்ணமின்றி, கையிலுள்ள காசு என்னவென்று தெரிந்துகொள்ள மட்டும் விரும்புவோருக்காகச் செவ்வாய், வியாழன் பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை ஒதுக்கியிருக்கிறோம். அந்நேரத்தில் நானே கடையில் இருப்பேன். கட்டணம் எதுவும் இல்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்