பழைய தொலைபேசிக்குள் ஒரு படிகம்

அன்பு நண்பா,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

சென்ற வாரம் பரணை ஒழித்தபோது எங்கள் வீட்டுப் பழைய பட்டன் தொலைபேசி கிடைத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 3.579545 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகம்! எண்களை அழுத்தும்போது எழும் ஒலிகளுக்கு அதுதான் ஆதாரம். நம் அமெச்சூர் வானொலியின் 80 மீட்டர் அலைவரிசைப் பட்டைக்குள் அது விழுகிறது என்று உறைத்ததும் அன்றிரவு தூக்கம் போய்விட்டது.

மறுநாளே அதை வைத்து, அலை எழுப்பும் சுற்றான கால்பிட்ஸ் ஆஸிலேட்டர் கட்டினேன். பிசி 547 டிரான்சிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்கும் தரைக்கும் (பேட்டரியின் எதிர்முனை) நடுவே படிகம். பேஸிலிருந்து எமிட்டர் முனைக்கு 100 பிகோஃபாரட் கன்டென்சர், எமிட்டரிலிருந்து தரைக்கு இன்னொரு 100. எமிட்டருக்கு ஒரு கிலோஓம் ரெசிஸ்டர், பேஸுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள். அவ்வளவுதான்.

ஆனால் ரிசீவரில் சத்தமே இல்லை. டிரான்சிஸ்டரை மாற்றினேன், படிகத்தைச் சந்தேகித்தேன், இரண்டு மணி நேரம் போயிற்று. கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, எமிட்டர் பக்கக் கன்டென்சரில் 101 இருக்க வேண்டிய இடத்தில் 104! நூறு பிகோ அல்ல, ஒரு லட்சம் பிகோ. எமிட்டரில் எழுந்த அதிர்வையெல்லாம் அது தரைக்கு வடித்துவிட்டது. அலைவைத் தொடர்ந்து ஊட்ட எதுவும் மிஞ்சவில்லை. அதை மாற்றி, ரிசீவரை மோர்ஸ் நிலையில் வைத்தேன். கணீரென்று விசில்!

விடுதி அறையில் படிகம் இல்லாமல், நாம் சுற்றிய சுருளை வைத்துக் கட்டிய ஆஸிலேட்டர் நினைவிருக்கிறதா? மின்விசிறியைப் போட்டாலே சுருதி நழுவும். இது அரை மணி நேரம் அசையவில்லை. ஒரு துண்டு குவார்ட்ஸ் இப்படி நிலையாக நிற்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். படிகத்தோடு தொடராக ஒரு டிரிம்மர் (மதிப்பை மாற்றக்கூடிய சிறு கன்டென்சர்) வைத்துத் திருகினேன். அலைவெண் ஒரு கிலோஹெர்ட்ஸ்கூட நகரவில்லை. அந்தப் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று: இதன் அலைவெண்ணின் இரு மடங்கான 7.159 மெகாஹெர்ட்ஸிலும் ஓர் அலை எழுகிறது. நம் 40 மீட்டர் பட்டையிலும் மெல்லக் கேட்கிறது! அனுப்பும்போது அதை வடிகட்டியாக வேண்டும்.

அடுத்து, ஆஸிலேட்டரைத் தொந்தரவு செய்யாமல் அலையை வெளியே எடுக்கும் ஒரு பஃபரும் மோர்ஸ் சாவியும் சேர்க்கப் போகிறேன். வடிகட்டிக்குச் சுருள் சுற்ற டொராய்டு என்ற காந்தப்பொருள் வளையம் வேண்டும். உன் தகர டப்பாவில் இரண்டு இருந்தன அல்லவா? தேடிப் பார்த்துக் கூரியரில் அனுப்பு. உன் வீட்டுப் பழைய தொலைபேசியையும் குப்பையில் போட்டுவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்