டிரான்ஸ்மிஷனைப் பாரு

சேகரு,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு. சாக்கு எதுவும் இல்ல, திட்டிக்கோ. அம்மாவோட கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு மொட்டை சொன்னான், சந்தோஷம். அவன் அந்த மல்டிமீட்டரை இன்னும் திருப்பித் தரலயாமே? தர மாட்டான்.

விஷயத்துக்கு வரேன். பாய்லர் புகையை உறிஞ்சி எடுக்காம, இருக்கற இடத்துலயே லேசர் ஒளியால அளக்கற கருவி ரெண்டு வெக்கறதா எழுதியிருந்தே. எஸ்.சி.ஆர். (அம்மோனியா விட்டு நாக்ஸைக் குறைக்கற அமைப்பு) அவுட்லெட்டுல அம்மோனியா ஸ்லிப்புக்கு, அதாவது வினை புரியாம மிஞ்சி வர்ற அம்மோனியாவுக்கு ஒரு லேசர், சிம்னியில ஆக்சிஜனுக்கு ஒண்ணு. "இனிமே சாம்பிள் லைன் அடைப்பு இல்ல, கண்டன்சேட் இல்ல, நிம்மதி"ன்னு எழுதியிருக்கே. நிம்மதியாம்! குழாய்க்குள்ள இருந்த தொல்லை இப்போ கண்ணாடி மேல ஏறி உக்காரப் போகுது, அவ்வளவுதான்.

முதல்ல சேல்ஸ் ஆள் சொன்னதைக் கேட்டு மயங்காதே. அம்மோனியா 1512 நானோமீட்டர் பக்கம், ஆக்சிஜன் 760 பக்கம், ரெண்டுக்கும் சாதாரண டயோடு லேசர் போதும். அதே டப்பாவுல சல்ஃபர் டை ஆக்சைடையும் சேர்த்துடலாம்னு சொன்னா சிரிச்சுட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பு. அதுக்கு அந்த அலைநீளங்கள் பக்கத்துல சொல்லிக்கிற மாதிரி லைனே (வாயு ஒளியை உறிஞ்சற இடம்) கிடையாது. 7.4 மைக்ரான் கிட்ட குவாண்டம் கேஸ்கேட் லேசர் வேணும், நைட்ரிக் ஆக்சைடுக்கு 5.3 பக்கம். விலையும் வேற, ஆப்டிக்ஸும் வேற.

இப்போ ஆக்சிஜன். பர்ஜுக்கு, அதாவது கண்ணாடியில தூசு படியாம ஊதறதுக்கு, இன்ஸ்ட்ருமென்ட் ஏர் (கருவிகளுக்கு வர்ற சுத்தமான காற்று) போட்டிருக்கேன்னு ஒரு வரி எழுதியிருந்தே பாரு, அதைப் படிச்சதுலேருந்து எனக்கு இருப்பு கொள்ளல. கணக்குப் போட்டுப் பாருடா. சிம்னி குறுக்களவு 6 மீட்டர், உள்ள ஆக்சிஜன் 7 சதவீதம்னு வெச்சுக்கோ, பெருக்கினா 42. கண்ணாடியைச் சிம்னியோட சேர்க்கற குட்டிக் குழாய், அதான் நாசில், ரெண்டும் சேர்த்து 60 சென்டிமீட்டர், அதுல நிக்கறது 20.9 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்று: 12.5. லேசருக்கு எது புகை, எது பர்ஜ்னு தெரியாது. கூட்டி ஆறால வகுத்தா 9.1 காட்டும். பர்ஜ் காற்று குளிர்ச்சி, புகையை விட அடர்த்தி, அதனால நிஜத்துல இன்னும் கூடத்தான் காட்டும். அதோட நிக்குதா? ரிப்போர்ட்டுக்காக எல்லா அளவையும் 6 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்தும்போது 15-ஐ 21 மைனஸ் அளவீட்டால வகுக்கறோம் இல்லையா? 7-க்கு 1.07, 9.1-க்கு 1.26. நாக்ஸ், எஸ்.ஓ.டூ, தூசு எல்லாமே கிட்டத்தட்ட 18 சதவீதம் ஏறிப் போய் மாசுக் கட்டுப்பாட்டு போர்டுல நிக்கும். விடாத புகைக்கு நீங்களே ஒப்புதல் வாக்குமூலம் குடுக்கற மாதிரி. நைட்ரஜன் போடு. நாசிலுக்கு மட்டும் இல்ல, டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் டப்பாவுக்குள்ள இருக்கற இடைவெளிக்கும்தான். அம்மோனியா லேசருக்கு இன்ஸ்ட்ருமென்ட் ஏர் தாராளமாப் போதும், எண்ணெய், ஈரம் இல்லாம இருந்தா சரி.

இன்னொண்ணு, இது அளக்கறது ஈரப் புகை. ரிப்போர்ட்டுக்கு வேண்டியது உலர்ந்த கணக்கு, அதுவும் 25 டிகிரியில. ஜீரோ டிகிரி காரணியைப் போட்டா நாக்ஸுக்கு ஒரு பி.பி.எம். கன மீட்டருக்கு 2.05 மில்லிகிராம் ஆயிடும், 25-ல அது 1.88. டி.சி.எஸ். (கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர்) பையன் எதைப் போட்டிருக்கான்னு நீயே திறந்து பாரு.

அம்மோனியாவுக்கு வரேன், எனக்கு உண்மையான கவலை அங்கதான். ஏர் ப்ரீஹீட்டருக்கு முன்னாடி 350 டிகிரி, நம்ம நிலக்கரிச் சாம்பல். டக்ட் (புகை போற பெரிய குழாய்) முழுக்கக் குறுக்க அடிச்சா ஒளி அந்தப் பக்கம் போய்ச் சேராது. அதனால மூலையைக் குறுக்க வெட்டற மாதிரி ஒண்ணு ஒண்ணரை மீட்டர் தூரத்துக்கு மட்டும் ஒளி போக வெப்பாங்க. போகட்டும். ஆனா மூலையில 1 பி.பி.எம். காட்டும்போது நடுவுல 8 இருக்கலாம், அம்மோனியாவை உள்ள விடற இன்ஜெக்ஷன் கிரிட் சமமா பிரிச்சு விடலன்னா. அதனால லேசரை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதே. ஈ.எஸ்.பி. (மின்சாரத்தால தூசு பிடிக்கற கருவி) சாம்பல்ல அம்மோனியா எவ்வளவுன்னு வாரம் ஒரு தடவை லேப்ல பாரு, ஏர் ப்ரீஹீட்டர் டி.பி.யையும் (ரெண்டு பக்கத்து அழுத்த வித்தியாசம்) பாரு. லேசர் 1-லயே நிக்க, டி.பி. ஏறிட்டே போனா அம்மோனியம் பைசல்ஃபேட்ங்கற பிசுபிசு உப்பு படியுதுன்னு சந்தேகப்படு.

மூலையோ நடுவோ, நீ உக்காந்து பாக்க வேண்டியது டிரான்ஸ்மிஷன், அதாவது அனுப்பின ஒளியில எவ்வளவு அந்தப் பக்கம் போய்ச் சேருதுங்கறது. ஒளி பாதி குறைஞ்சாலும் கருவி கணக்குப் போட்டுச் சரியாத்தான் சொல்லும், அது அதோட கெட்டிக்காரத்தனம். ரொம்பக் குறைஞ்சா எண் குதிக்க ஆரம்பிக்கும், இல்லன்னா கடைசியா வந்த எண்ணையே பிடிச்சு வெச்சுக்கும். ஷிஃப்ட்ல இருக்கறவனுக்கு நேர்கோடு பாத்தா ஆனந்தம். அதனால டிரான்ஸ்மிஷனைத் தனி 4–20 மில்லிஆம்ப் சிக்னலா டி.சி.எஸ்.க்குக் கொண்டு போ, ட்ரெண்ட் போடு. சூட் ப்ளோயிங்ல (பாய்லர் குழாய்ல படிஞ்ச சாம்பலை ஊதித் தள்ளறப்போ) சரிஞ்சு கால் மணியில திரும்பினா விட்டுடு. லோடோட சேர்ந்து ஏறி இறங்கினா தூசு. நாள் கணக்குல மெதுவா இறங்கினா கண்ணாடி அழுக்கு, பர்ஜ் ஃபில்டரைப் பாரு. படார்னு ஒரே படியா விழுந்தா எவனோ ஃப்ளேஞ்ச் மேல கால் வெச்சு ஏறியிருக்கான். ஒரு டிகிரி சாஞ்சாப் போதும், 6 மீட்டர் தள்ளி ஒளி 10 சென்டிமீட்டர் விலகிடும்.

அதனாலதான் டக்ட் தகட்டுல ஃப்ளேஞ்சை மட்டும் ஒட்ட வெச்சா ஆகாது, நாலு பக்கமும் முட்டுக் குடுக்க கசெட் பிளேட் வேணும். அலைன்மென்ட்டைக் குளிர்ல ஒரு தடவை, ஃபுல் லோடுல சூடாகி விரிஞ்ச பிறகு இன்னொரு தடவை. ஷட்டவுன்ல எல்லாத்தையும் நிறுத்தினாலும் பர்ஜை நிறுத்தாதே. ஈரம் பட்ட சாம்பல் கண்ணாடியில சிமென்ட் மாதிரி இறுகிடும், அப்புறம் துணியால துடைச்சு வராது, கீறல்தான் விழும். தெர்மோகப்பிள் சிக்னலையும் கவனி. வெப்பம் மாறினா லைனோட பலமே மாறுது. கருவி பழைய நிலையான மதிப்புக்குப் போயிட்டா எந்த அலாரமும் அடிக்காம எண் தப்பாகும்.

ஸ்பான் செக் (அளவு தெரிஞ்ச வாயுவை விட்டுக் கருவியைச் சரிபாக்கறது) பண்ணும்போது அவசரப்படாதே. ஒண்ணரை மீட்டர்ல 3 பி.பி.எம்.னா 4.5 பி.பி.எம்.-மீட்டர். அந்த வாயுவை நிரப்பற 10 சென்டிமீட்டர் செல்லுல அதுக்கு 45 பி.பி.எம். சிலிண்டர் வேணும், அதுவும் வெப்பத் திருத்தத்துக்கு முன்னாடிக் கணக்கு. அம்மோனியா குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கும். புது டியூப்னா அரை மணி கூட ஏறிட்டே இருக்கும். கருவி மேல பழி போட்டு ஸ்பானைத் திருகிடாதே. டெஃப்லான் டியூப், சின்னதா. பித்தளை ஃபிட்டிங் கிட்டயே வரக்கூடாது.

ஃப்ளேஞ்ச் டிராயிங்கை வெல்டிங்குக்கு முன்னாடி அனுப்பு, பின்னாடி இல்ல. நைட்ரஜன் லைன் எங்கேருந்து வருதுன்னும் எழுது. மொட்டையை அந்த டக்ட் பக்கம் விடாதே, மல்டிமீட்டர் போன வழியிலயே பர்ஜ் ரெகுலேட்டரும் போயிடும்.

உன்,
ரவி