தலைப்பிரசவம் அம்மாயி வீட்டில்தானுங்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரோடு பெருந்துறை ரோட்டில் பேக்கரி போட்ட நாளிலிருந்து, பத்தொன்பது வருடமாகத் தங்கள் பேப்பரைத்தான் வாங்குகிறேன். வாங்குவது ஒன்று, படிப்பது முப்பது பேர். மதியத்துக்குள் பப்ஸ் எண்ணெய் படாத பக்கம் ஒன்று மிஞ்சாது. எனவே ஒரே ஒரு பேப்பர் வாங்குகிறவன் கடிதம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன புதன்கிழமை பொது அறிவுப் பக்கத்தில் ஏழாவது கேள்வி, கணித மேதை ராமானுஜன் பிறந்த ஊர் எது என்பது. அடியில் தலைகீழாக அச்சடித்திருந்த விடை, கும்பகோணம்.

இல்லைங்க, ஈரோடு. 1887 டிசம்பர் 22. அவருடைய அம்மாவின் அப்பா அப்போது ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்தாள், பிள்ளை இங்கே பிறந்தது. ஒரு வயதுக் குழந்தையோடு அந்தம்மா கும்பகோணம் திரும்பினார். அங்கே வீட்டுக்காரர் துணிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வளர்ந்தது கும்பகோணம், வேலை பார்த்தது சென்னை, பேர் வாங்கியது கேம்பிரிட்ஜ். அதிலெல்லாம் எங்களுக்குப் பங்கு வேண்டாம். இது தங்களுக்குத் தெரியாததும் இல்லை. தேசிய கணித தினத்தன்று அவர் படத்துக்குக் கீழே ‘ஈரோட்டில் பிறந்த’ என்று தங்கள் பேப்பரே போட்டிருந்தது. வெட்டி, கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

தப்பு யாருக்கும் வரும். என் கடையிலும் சர்க்கரை போடாத டீக்குச் சர்க்கரை விழுந்துவிடுவதுண்டு. வேறு டீ போட்டுக் கொடுத்துவிடுவோம். அப்படி ஒரு நினைப்பில்தான் தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில் சொன்னார்: “பொறந்தது எங்கயா இருந்தா என்ன சார், வளந்தது கும்பகோணம்தானே? அது வெறும் துணுக்கு சார்.”

வெறும் துணுக்கு. அந்த ஒரு சொல்லுக்குத்தான் இந்தக் கடிதம். கேள்வி ‘வளர்ந்த ஊர் எது’ என்று இருந்திருந்தால் நான் போனே செய்திருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அம்மாயி வீட்டில் பிறந்தவர்கள்தான். வளர்ந்த ஊர்தான் பிறந்த ஊர் என்றால், தாலுகா ஆபீஸில் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறவரிடமும் அதையே சொல்லிவிடலாமே.

துணுக்கு என்ன செய்யும் என்பதைத் தங்களுக்குச் சொல்கிறேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். புதன்கிழமை பொழுதோட, தங்கள் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்து அதில் எழுதுவேன். சரியாகச் சொன்னவருக்கு ஒரு டீ, ஒரு தேங்காய் பன். விடையில் தகராறு வரக் கூடாது என்று ஒரே சட்டம்தான்: பேப்பரில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் விடை. போன புதன் ராமானுஜனை எழுதினேன். குரூப் 4-க்குப் படிக்கிற பெண் ஒன்று, தினமும் லைப்ரரி விட்டு வரும்போது ஒரு டீ குடித்துவிட்டுப் போகும். “ஈரோடுங்கண்ணா” என்றது, பலகையைப் பாதி படிக்கும்போதே. மஞ்சள் மண்டிக்கு வண்டி ஓட்டுகிறவர் “கும்பகோணமுங்க, அதென்ன பெரிய கேள்வி” என்றார். பேப்பரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். கும்பகோணம்.

“இல்லீங்கண்ணா, புக்குல ஈரோடுன்னுதானுங்க இருக்குது.”

“சட்டம் சட்டந்தான் அம்மணி. பேப்பர்ல போட்டிருக்குதில்ல.”

இதைச் சொன்னது நான்தான். என் கல்லாப்பெட்டி மூடியிலேயே ஈரோடு என்று ஒட்டி வைத்துக்கொண்டு, டிரைவர் கையில் பன்னைக் கொடுத்தேன். பெட்டி மூடியிருந்ததால் அது கண்ணில் படவில்லை என்பதெல்லாம் சாக்கு. அந்தப் பெண் தன் டீக்குச் சில்லறையை எண்ணி கண்ணாடி மேல் வைத்துவிட்டுப் போனது. மறுநாள் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வந்து, பிஸ்கட் டின்னுக்கு அடியில் செருகிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. ஒரு மார்க்கில் ராங்க் எங்கேயோ போய்விடும் என்கிற பிள்ளைகளுங்க அவர்கள். அவர்களிடம் போய்த் துணுக்கு என்று சொல்ல முடியுமா?

சொல்ல ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று, பழையதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு நொய்யல் ஆறு பவானி ஆற்றில் கலக்கிறது என்று போட்டீர்கள். கார்டு எழுதினேன், பதில் இல்லை. வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற பேருள்ள ஊரிலேயே அது காவிரியில் சேர்கிறது. எங்கள் பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்த ஊர் அது. சின்ன வயதில் அந்தத் துறையில் குளித்திருக்கிறேன். (பிறகு சாயத் தண்ணீர் வந்தது; அது வேறு கடிதம்.) பவானி ஆறு காவிரியில் சேர்வது பவானி கூடுதுறையில். இங்கே ஆடிப்பெருக்குக்குப் போகாத வீடு கிடையாது.

அப்புறம், தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா என்று போட்டீர்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டில்தான் அதற்கு முதலிடம். தென்னிந்தியாவுக்கு கேரளத்து ஆனைமுடி, 2,695. தேசிய விளையாட்டு ஹாக்கி என்று எத்தனை தடவை! எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவே இல்லை என்று, பள்ளிக்கூடப் பெண் பிள்ளை ஒன்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, 2012-லேயே மத்திய அரசு பதில் சொல்லிவிட்டது. 2016 ரியோவில் இந்தியாவுக்கு இரண்டே பதக்கம், தங்கம் இல்லை என்றும் ஒரு விடை. ஒலிம்பிக்கைத்தான் கேட்டோம் என்பீர்கள், சரி. அதே ரியோவில், அடுத்த மாதமே, பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கிய மாரியப்பன் சேலத்துப் பையன். அவரைப் பற்றி ஒரு கேள்வி, இன்று வரைக்கும், ஒன்றே ஒன்று?

எங்கள் ஊர்கள் தங்கள் பக்கத்துக்கு வந்தால் பட்டப்பேரோடு சரி. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் கோவை. மஞ்சள் நகரம் ஈரோடு. முட்டைக்கு நாமக்கல். ஏன் கோவையில் மில் வந்தது என்று ஒரு வரி இருக்காது. பருத்திக்கு ஏற்ற கரிசல் சுற்றிலும் கிடந்தது, 1930-களில் நீலகிரி மலையில் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் இறங்கியது, மில்கள் மளமளவென்று வந்தன. இதை எழுத எத்தனை அங்குலம் ஆகும்? ‘கரும்பு ஆராய்ச்சி நிலையம் எங்குள்ளது? கோவை’ என்று முடித்துவிடுகிறீர்கள். 1912-ல் ஆரம்பித்த அந்த இடத்தில், சாறுள்ள நல்ல கரும்போடு காட்டில் தானாக முளைக்கும் நாணல் மாதிரிக் கரும்பைச் சேர்த்து ‘கோ 205’ என்ற ரகத்தை எடுத்தார்கள். வடநாட்டுக் கரும்புக்காடே அதனால் மாறியது. அந்தக் ‘கோ’ கோயம்புத்தூர்தான். கடைக்கு வரும் தோட்டத்துக்காரர்கள் ‘கோ 86032’ என்று வாய் நிறையச் சொல்கிறார்கள், ‘கோ’ என்றால் என்ன என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

கொடுமணல் சென்னிமலைக்கு அந்தப்பக்கம், நொய்யல் கரையில் இருக்கிறது. சங்க நூலான பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று பாடிய ஊர். தோண்டத் தோண்டக் கல்மணியும் இரும்பு உருக்கிய உலையும் வந்த இடம். தங்களுக்குச் சிந்துவெளி ஊர்களான லோத்தல் தெரிகிறது, காலிபங்கன் தெரிகிறது. நல்லது. கொடுமணலுக்கு என் கடையிலிருந்து பைக்கில் போய் வந்துவிடலாம்.

அறிவியல் கேள்வி ஒன்று: அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் லிட்மஸ் எதிலிருந்து எடுக்கப்படுகிறது? லைக்கன், பாறையிலும் மரப்பட்டையிலும் பாசி மாதிரிப் படர்வது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லைக்கனை எங்கள் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பு போட்டதும் தண்ணீர் சிவக்கிறதே, அதுவும் அதே வேலைதான்; காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். போன வருடம் கடையிலேயே செய்து காட்டினேன். வெற்றிலைக்காரரிடம் கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கி, கண்ணாடி டம்ளரில் மஞ்சள் தண்ணீர் விட்டு, விரல் நுனியால் சுண்ணாம்பைத் தொட்டு உள்ளே விட்டேன். விரலைச் சுற்றிச் சிவப்பு இறங்கியதைப் பார்த்து, டீ ஆறுவது தெரியாமல் நின்றார்கள். கொஞ்சம் எலுமிச்சை பிழிந்ததும் பழையபடி மஞ்சள். மஞ்சள் நகரமாம்! அந்த மஞ்சள் என்ன செய்யும் என்று ஒரு நாள் கேட்டிருக்கிறீர்களா?

ராமானுஜன் எண் 1729 என்று போட்டீர்கள், அதோடு விட்டீர்கள். பத்தின் கனம் (பத்தை மூன்று தடவை வைத்துப் பெருக்கினால்) ஆயிரம், ஒன்பதின் கனம் 729, கூட்டினால் 1729. பன்னிரண்டின் கனம் 1,728, அதோடு ஒன்றின் கனம் ஒன்று, கூட்டினால் அதே 1729. இப்படி இரண்டு விதமாகக் கனங்களைக் கூட்டி வருகிற எண்களில் அதுதான் ஆகச் சின்னது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டி வந்த டாக்சியின் நம்பர் அது. நேற்று இதைப் பலகையில் கூட்டிக் காட்டினேன். பன் வாங்கிப் போன அந்த டிரைவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “நாலே நம்பருங்களா? எந்த ஆர்டிஓ ஆபீஸுங்க?” என்றார். இவர்தான் தங்கள் வாசகர். வெறும் விடையை மட்டும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிற ஆள் இல்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். ராமானுஜன் பிறந்தது ஈரோடு என்று, வருகிற புதன்கிழமை அதே பக்கத்தில், அதே எழுத்தில், நேராக (தலைகீழாக வேண்டாம்) போடுங்கள். ரயில் நேரத்துக்கு அடியில், வருந்துகிறோம் என்று எறும்பு எழுத்தில் வேண்டாம். வெட்டிக் கரும்பலகையில் ஒட்டுகிற அளவுக்கு இருந்தால் போதும்.

அந்தப் பெண்ணுக்கு வியாழக்கிழமையே டீயும் பன்னும் எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. “பேப்பர்ல வரட்டுங்கண்ணா” என்றது.

இப்படிக்கு,
பேக்கரிக்காரர், பெருந்துறை ரோடு, ஈரோடு.
(பேர் போட வேண்டாம். சப்ளை செய்கிற பையன் கிண்டல் செய்வான்.)

பி.கு.: கடிதம் நீளம் என்று வெட்டுவதாக இருந்தால் தொட்டபெட்டாவை வெட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள் சுண்ணாம்பில் கை வைக்க வேண்டாம்.